மரத்தை வளைத்த மைக்கேல் டோனெட்

நம் கல்லூரியில் எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் முதலாண்டு கார்ப்பெண்ட்ரி ஷாப்பைத் தாண்டாமல் யாரும் மேலே வந்திருக்க முடியாது. இழைப்புளி பிடித்துக் கட்டையை நேராக்குவது, மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது, ஹாஃப் லேப், டவ்டெயில் என்று ஜாயின்ட் போடுவது. எல்லாமே நேர்கோடு, எல்லாமே தொண்ணூறு டிகிரி. வளைவு என்ற பேச்சே அங்கே கிடையாது. மரத்தை அறுக்கலாம், இழைக்கலாம், செதுக்கலாம். வளைத்தால் முறிந்துவிடும் என்பதுதான் நம்மில் பலருக்கு இன்றுவரை உள்ள எண்ணம்.

ஆனால் இப்போது வீட்டு உள்ளலங்கார வேலை நடக்கிற இடங்களில் போய்ப் பாருங்கள். சமையலறை மேடையின் கோடியில் வளைந்த கதவு போட்ட அலமாரி, கூடத்தில் அரைவட்டமாக ஒரு ஷோகேஸ் என்று கேட்காத வீட்டுக்காரர் குறைவு. அதற்கென்றே ஃப்ளெக்ஸி பிளைவுட் என்று ஒன்று கடைகளில் கிடைக்கிறது. பாயைச் சுருட்டுகிற மாதிரி கையாலேயே வளைக்கலாம். இரண்டு தகடுகளுக்கு நடுவே பசை தடவி ஒரு அச்சின்மேல் இறுக்கிக் கட்டி, மறுநாள் பிரித்தால் வளைவு அப்படியே நிற்கிறது. வேலையைப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ நேற்று வந்த வித்தை மாதிரித் தோன்றும்.

இந்த வித்தைக்காக ஏறக்குறைய 190 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மனிதர் தன் சொத்தையெல்லாம் இழந்தார். அவர் பெயர் மைக்கேல் டோனெட். நாற்காலி செய்தவர் என்று உலகம் அவரை அறியும். பட்டறையில் நாம் கற்றுக்கொள்ளாமல் விட்ட பாடம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது என்பதால் அந்த வரலாற்றை நம் மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ரைன் நதிக்கரைத் தச்சர்

டோனெட் 1796ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் உள்ள போப்பார்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் செய்தவர். மகனுக்குத் தச்சுத் தொழில் பிடித்துப்போயிற்று. தொழில் கற்று, 1819இல் சொந்த ஊரிலேயே பட்டறை போட்டார். அடுத்த ஆண்டு திருமணம். பதின்மூன்று குழந்தைகள் பிறந்தார்கள். குழந்தைப் பருவத்தைத் தாண்டி நிலைத்தவர்கள் ஐந்து ஆண்பிள்ளைகள் மட்டுமே. அந்தக் காலத்தில் அது எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான் என்றாலும், ஒரு குடும்பம் இதைத் தாங்கிக்கொண்டு தொழிலும் நடத்தியது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்போது வளைந்த கால், வளைந்த முதுகு வைத்த நாற்காலி வேண்டுமென்றால் பெரிய கட்டையை எடுத்து, அந்த வளைவுக்கு வெட்டிச் செதுக்க வேண்டும். பாதி மரம் சிராயாகப் போகும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மரத்தின் நார் நேராக ஓடுகிறது. நாம் வளைவாக வெட்டும்போது அந்த நார் குறுக்கே அறுபட்டுவிடுகிறது. அறுபட்ட இடத்தில் பலம் இருக்காது. நாற்காலிக் கால் முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

1830களில் டோனெட் யோசித்தது இதுதான். மரத்தை வளைவாக வெட்டுவதற்குப் பதிலாக, நாரை அறுக்காமல் மரத்தையே வளைத்தால் என்ன? தடித்த கட்டை வளையாது. மெல்லிய பட்டை வளையும். ஆகவே மரத்தை மெல்லிய பட்டைகளாக அறுத்து, அவற்றைக் கட்டுக்கட்டாகச் சூடான வஜ்ஜிரப் பசையில் வேகவைத்து, மர அச்சில் வைத்து வளைத்துக் காயவிட்டார். காய்ந்தபின் அத்தனை பட்டைகளும் ஒரே கட்டையாகிவிட்டன. நார் முழுக்க வளைவோடு வளைவாக ஓடியது. 1836 வாக்கில் இந்த முறையில் அவர் செய்த நாற்காலிகள் பழைய நாற்காலிகளைவிட எடை குறைவு, பலம் கூடுதல். வேலைக்குப் பசை நிறைய வேண்டியிருந்ததால் 1837இல் ஒரு பசை ஆலையையே வாங்கிவிட்டார் என்றால் மனிதர் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தார் என்று புரியும்.

பட்டை ஏன் வளைகிறது?

இங்கே கொஞ்சம் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்வோம். பயப்பட வேண்டாம், தேர்வு கிடையாது. ஒரு பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாவது அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் 3 மில்லிமீட்டர் தகடுகள் நான்கை, பசை இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள். மொத்தத் தடிமன் அதே 12 தான். ஆனால் அடுக்கை வளைக்க, அந்தப் பலகைக்கு வேண்டிய பலத்தில் பதினாறில் ஒரு பங்கு போதும். காரணம், ஒவ்வொரு தகடும் பக்கத்துத் தகட்டின்மேல் வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வளைகிறது. பசை காய்ந்துவிட்டால் அந்த வழுக்கல் நின்றுபோகும். அப்புறம் அது 12 மில்லிமீட்டர் பலகையின் விறைப்போடு, வளைந்த நிலையிலேயே நிற்கும்.

இன்றைய ஃப்ளெக்ஸி பிளைவுட் கதவும் வார்த்தைக்கு வார்த்தை இதேதான். சாதாரண பிளைவுட்டில் ஒவ்வொரு அடுக்கின் நாரும் அடுத்த அடுக்குக்குக் குறுக்காக ஓடும். அதனால்தான் அது எந்தப் பக்கமும் வளையாமல் நிற்கிறது. ஃப்ளெக்ஸி பிளைவுட்டில் மேலடுக்கு, கீழடுக்கு இரண்டின் நாரும் ஒரே திசையில் ஓடும். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய அடுக்கு மட்டும், கிழியாமல் பிடித்துக்கொள்வதற்காக. ஆகவே ஒரு திசையில் மட்டும் இலகுவாக வளையும்.

சிக்கல் பணத்தில் வந்தது

தொழில் ஜெயித்தது; கணக்கு தோற்றது. பிறர் காப்பியடிக்காமல் இருக்க டோனெட் பல நாடுகளில் காப்புரிமைக்கு அலைந்தார். அதற்கான செலவு கடனாக வளர்ந்தது. 1841இல் அருகிலுள்ள கோப்லென்ஸ் நகரில் ஒரு பொருட்காட்சி. அங்கே அவருடைய மரச்சாமான்கள் ஆஸ்திரியப் பேரரசின் முதலமைச்சராக இருந்த மெட்டர்னிக் பிரபுவின் கண்ணில் பட்டன. மெட்டர்னிக் அந்தக் கோப்லென்ஸிலேயே பிறந்தவர். ஊர்க்காரர் மேல் பாசமோ, பொருளின் மேல் மதிப்போ, வியன்னாவுக்கு வந்துவிடும்படி டோனெட்டை அழைத்தார்.

1842இல் டோனெட் வியன்னா போனார். அரச குடும்பத்தாருக்குத் தன் வேலையைக் காட்டினார். ஜூலை மாதம், மரத்தை வளைக்கும் தன் முறைக்கு ஆஸ்திரியப் பேரரசின் தனியுரிமையும் கிடைத்தது. அதே சமயம் போப்பார்டில் கடன்காரர்கள் கையில் பட்டறை போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டிக்காத்த தொழில், வீடு, ஆலை எல்லாம் போயிற்று. குடும்பம் மூட்டைமுடிச்சோடு வியன்னா வந்து சேர்ந்தது. அப்போது டோனெட்டுக்கு வயது 46.

நம்மில் பலர் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். பதவி உயர்வு, பிள்ளைகளின் காலேஜ் சீட்டு, வீட்டுக் கடன். டோனெட் அந்த வயதில், சொந்தப் பட்டறைக்கு முதலாளியாக இருந்தவர், வேறொருவர் பட்டறையில் வேலைக்குப் போனார். வியன்னாவில் லீக்டென்ஸ்டைன் அரண்மனையைப் புதுப்பிக்கும் பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. கார்ல் லைஸ்ட்லர் என்பவரின் நிறுவனத்தின் கீழ், அந்த அரண்மனைக்கு மரத்தளமும் வளைந்த நாற்காலிகளும் செய்து கொடுத்தார். மகன்களும் கூடவே வேலை பார்த்தார்கள். 1849இல்தான் மறுபடி சொந்தப் பட்டறை. 1850 வாக்கில் வியன்னாவின் டாம் என்ற காப்பிக் கடைக்கு நாற்காலிகள் செய்து கொடுத்தார். 1851இல் லண்டன் உலகப் பொருட்காட்சியில் வெண்கலப் பதக்கம். 1853இல் நிறுவனத்தை ஐந்து மகன்கள் பெயருக்கு மாற்றி, டோனெட் சகோதரர்கள் என்று பெயர் வைத்தார். ஓய்வெடுக்க அல்ல. கடைசிவரை பட்டறையை விடவில்லை.

அறுபது வயதில் ஒரு முடிவு

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

ஏற்றுமதி வந்தது. கப்பலில் கடல் தாண்டி, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளுக்கு நாற்காலிகள் போயின. அங்கே சங்கடம் ஆரம்பித்தது. வஜ்ஜிரம் என்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. ஈரக்காற்று பட்டால் இளகும். பசை இளகினால் பட்டைகள் பிரியும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடற்காற்றில் வாழ்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எந்த முறைக்காக ஊரையும் சொத்தையும் இழந்தாரோ, அந்த முறையில் ஓட்டை இருக்கிறது. நாம் என்ன செய்திருப்போம்? இன்னும் கொஞ்சம் நல்ல பசை, இன்னும் கொஞ்சம் வார்னிஷ் என்று ஒப்பேற்றப் பார்த்திருப்போம். டோனெட் பசையையே கைவிட்டார். பட்டைகளை ஒட்டாமல், முழுக் கட்டையையே வளைக்கும் வழியைத் தேடினார்.

கட்டையை நீராவியில் வேகவைத்தால் இளகும் என்பது கப்பல் கட்டுகிறவர்களுக்கும் பீப்பாய் செய்கிறவர்களுக்கும் முன்பே தெரியும். ஆனால் நாற்காலி முதுகு மாதிரி இறுக்கமாக வளைத்தால் வெளிப்பக்கம் பிளந்துகொள்ளும். ஏன் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆவியில் வெந்த பீச் மரத்தை நீளவாட்டில் அழுத்தினால் கால்வாசிக்கு மேலேகூடச் சுருங்கிக் கொடுக்கும். ஆனால் இழுத்தால் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் நீளும். அதைத் தாண்டினால் முறிவுதான். வளைக்கும்போது உள்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. முறிவு எப்போதும் நீளுகிற பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

டோனெட் செய்தது இவ்வளவுதான்: வெளிப்பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து, அதன் இரண்டு முனைகளையும் கட்டையின் இரண்டு முனைகளோடு இறுகப் பிணைத்தார். இரும்பு நீளாது, ஆகவே அதோடு ஒட்டியிருக்கிற மரமும் நீள முடியாது. முழுக் கட்டையும் சுருங்கித்தான் ஆக வேண்டும். சுருங்குவதற்கு மரம் தயார். முறிவு நின்றது. வளைத்த கட்டையை இரும்பு அச்சோடு உலர்த்தும் அறையில் வைத்துக் காயவிட்டால், பசையே இல்லாமல் வளைவு நிலைத்தது.

1856இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு வயது 60. நம் ஊரில் மணிவிழா கொண்டாடி மாலை போட்டு உட்கார வைக்கிற வயது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். இந்த மனிதர் அறுபதில் வளைந்தார், மரத்தையும் வளைத்தார்.

அதே ஆண்டு, பீச் மரக் காடுகளுக்கு நடுவே மொராவியாவில் கொரிட்சான் என்ற ஊரில் தொழிற்சாலை. இன்று அது செக் குடியரசில் கோரிசானி என்ற பெயரில் இருக்கிறது. எந்திரங்களை டோனெட்டும் மகன்களுமே வடிவமைத்தார்கள். வேலையைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்து ஆண்களும் பெண்களும், முன்பு தச்சு வேலையே தெரியாதவர்கள், வளைத்து, தேய்த்து, பிரம்பு பின்னி நாற்காலி செய்தார்கள்.

பதினான்காம் எண் நாற்காலி

1859இல் வந்தது பதினான்காம் எண் நாற்காலி. சில ஆண்டுகளில் அது முழு வடிவம் பெற்றபோது ஆறே மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு மரைகள், அவ்வளவுதான். பின்னங்கால் இரண்டும் முதுகும் சேர்ந்து ஒரே வளைந்த கோல். முதுகின் உள்ளே ஒரு சின்ன வளைவு. உட்காருமிடத்துக்கு ஒரு வளையம், அதில் பிரம்புப் பின்னல். முன்னங்கால் இரண்டு. கால்களைப் பிடிக்க ஒரு வளையம். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் போகும். போய்ச் சேர்ந்த ஊரில் திருப்புளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். 1867 பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கிற்று. 1930 வாக்கில் ஐந்து கோடி விற்றிருந்தது என்கிறார்கள். மும்பையின் பழைய இரானி ஓட்டல்களில் பிஸ்தா நிறத்திலோ கறுப்பிலோ வளைந்த முதுகுள்ள நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவையெல்லாம் இந்தக் குடும்பத்து வாரிசுகள்தான்.

1869இல் காப்புரிமைக் காலம் முடிந்தது. போட்டிக் கம்பெனிகள் முளைத்தன. 1871 மார்ச் 3ஆம் தேதி டோனெட் வியன்னாவில் காலமானார். அப்போது ஐரோப்பிய நகரங்களிலும் நியூயார்க்கிலும் அவர்கள் கடை இருந்தது.

கைவிட்ட வழி திரும்பி வந்தது

கதை இதோடு முடியவில்லை. 1930களில் செயற்கைப் பிசின் பசைகள் வந்தன. ஈரத்துக்கு இளகாத பசை. உடனே, டோனெட் கைவிட்ட பழைய வழி உயிர் பெற்றது. பின்லாந்தில் ஆல்வார் ஆல்டோ அடுக்கு மரத்தை வளைத்து நாற்காலி செய்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் அடிபட்ட வீரர்களின் காலுக்கு வைத்துக் கட்ட வளைந்த பிளைவுட் சிம்பு செய்து கடற்படைக்குக் கொடுத்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்பதுதான் நம் வீட்டு அலமாரிக் கதவு. டோனெட்டின் முதல் யோசனையில் தவறு இல்லை. அந்தக் காலத்துப் பசைதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

ஆகவே வளைந்த கதவு செய்யச் சொல்லப்போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஃப்ளெக்ஸி பிளைவுட் இரண்டு விதமாக வருகிறது. எட்டுக்கு நாலடித் தகட்டில் ஒன்று எட்டடித் தூண் மாதிரிச் சுருளும். மற்றது நாலடிப் பீப்பாய் மாதிரிச் சுருளும். உயரமான அலமாரிக் கதவுக்கு வேண்டியது தூண் மாதிரிச் சுருள்வது. கடையிலேயே வளைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அச்சு சரியாக இருந்தால்தான் கதவு சரியாக இருக்கும். பிரித்தெடுத்தபின் வளைவு கொஞ்சம் விரிந்து கொடுக்கும் என்பதால், ஒரு துண்டில் ஒட்டிப் பார்த்து, விரிகிற அளவுக்கு அச்சைச் சற்று இறுக்கமாகச் செய்ய வேண்டும். தகடுகளைக் கதவு அளவுக்கு முன்கூட்டியே வெட்டக் கூடாது. 16 மில்லிமீட்டர் கதவு கால்வட்டமாக வளையும்போது வெளிமுகம் உள்முகத்தைவிட 25 மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆகவே கொஞ்சம் பெரிதாகவே ஒட்டி, காய்ந்தபின் விளிம்பை அறுப்பதுதான் முறை. வெனீரோ மைக்காவோ ஒட்டினால் உள்ளும் வெளியும் இரண்டு முகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் கதவு நாளடைவில் கோணும். சமையலறை, குளியலறைப் பக்கம் என்றால் தண்ணீருக்குத் தாங்குகிற பசையைக் கேட்டு வாங்குங்கள்.

சாதாரண பிளைவுட்டின் பின்பக்கம் ரம்பத்தால் கோடுகோடாகக் கீறி வளைத்துவிடலாம் என்று சில பேர் சொல்வார்கள். வளையும், வாஸ்தவம். ஆனால் கீறிய இடத்தில் மிஞ்சுவது மேல்தோல் மட்டும்தான். பாலிஷ் போட்டபின் வெளிச்சத்தில் பார்த்தால் வளைவு பட்டை பட்டையாகத் தெரியும். நாரை அறுத்து வாங்கிய வளைவுக்கும் நாரோடு போன வளைவுக்கும் உள்ள வித்தியாசம் அது. போப்பார்ட் தச்சர் அந்த வித்தியாசத்துக்காகத்தான் பட்டறையை இழந்தார்.

இந்த ஆண்டு சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளைஞர்களுக்கும், பணி ஓய்வு பெற்று வந்திருக்கும் நம் செட் நண்பர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லி முடிக்கிறேன். கைவசம் இருக்கும் பொருள் ஒத்துழைக்கவில்லை என்று ஒரு நல்ல யோசனை நின்றுபோனால், அந்த யோசனையின் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஒத்துவருகிற பசை பின்னால் வரும்.